கையில் காசு கம்மி, பிள்ளைக்கு ஆட்டிசம்: எங்கே தொடங்குவது, எதற்கு முதலில் செலவழிப்பது

திருப்பூர் பக்கத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுக் கொடுப்பேன். 'குடும்ப ஆண்டு வருமானம்' என்கிற கட்டம் வந்ததும் முக்கால்வாசிப் பேர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். போன மாதம் ஒரு பெண், மடியில் நாலு வயதுப் பையன், அந்தக் கட்டத்தைச் சொல்லி முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க்கா, இந்த ஆட்டிசம் பெரிய வீட்டுப் பிள்ளைங்களுக்கு வர்றதுன்னு சொன்னாங்களே, எங்களுக்கு எப்படிங்க்கா வந்துச்சு?"

இதே கேள்வியை ஏழு வருஷத்துக்கு முன்னால் என் அக்கா என்னிடம் கேட்டாள். அவள் பனியன் கம்பெனியில் டெய்லர், பீஸ் ரேட். மாமா டாடா ஏஸ் ஓட்டுகிறார். பையனுக்கு இப்போது பத்து வயது. அவனுக்காக அலைந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதையும், கடைக்கு வருகிறவர்களுக்குப் படிவம் போட்டுக் கொடுத்ததில் கற்றுக்கொண்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த வாசலுக்கு எப்போது போவது, எதற்குக் காசு கொடுப்பது, எதற்குக் கொடுக்கக் கூடாது என்பது மட்டும் ஓரளவு தெரியும்.

முதலில் அந்தப் பெண் கேட்டதற்குப் பதில். 1943-இல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற டாக்டர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதினார், ஆட்டிசம் (பேச்சும் ஆட்களோடு பழகுவதும் வேறு மாதிரி வளர்கிற நிலை) என்ற பேச்சு பெரிதாகத் தொடங்கியது அங்கேதான். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் நன்றாகப் படித்தவர்கள் என்பதை அவரே குறித்து வைத்தார். அன்றைக்கு அப்படிப்பட்ட ஒரு ஸ்பெஷலிஸ்ட்டிடம் பிள்ளையைக் கூட்டிப்போக யாரால் முடிந்திருக்கும் என்று யோசித்தாலே பாதி விடை வந்துவிடும். அப்புறம் கொஞ்ச காலம், அம்மா பாசம் காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று ஒரு கதை ஓடியது, 'ஃப்ரிட்ஜ் அம்மா' என்றே பெயர் வைத்தார்கள். தன் மகனுக்கே ஆட்டிசம் இருந்த பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் 1964-இல் எழுதிய புத்தகத்தில் அதை உடைத்தார். லண்டனில் லோர்னா விங் என்ற டாக்டர், அவரும் ஆட்டிசம் உள்ள பெண்ணின் அம்மா, ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் எண்ணாமல் ஒரு பகுதியில் இருந்த பிள்ளைகளையே தேடிப் பார்த்தார். பணக்கார வீடு, ஏழை வீடு என்ற வித்தியாசம் அங்கே தெரியவில்லை என்று 1980-இல் எழுதினார்.

அமெரிக்கக் கணக்கைப் பார்த்தாலும் இதே கதைதான். ரொம்ப வருஷம் அங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகளிடமும் வசதியான வீடுகளிலும்தான் ஆட்டிசம் அதிகம் என்று எண்ணிக்கை காட்டியது. 2020-இல் எட்டு வயதுப் பிள்ளைகளை எண்ணியபோது கறுப்பினப் பிள்ளைகளிடமும் ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வழிவந்த) பிள்ளைகளிடமும் அதிகம் என்று மாறிவிட்டது. பிள்ளைகள் மாறவில்லை, பரிசோதனை அவர்கள் தெருவுக்கும் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். குழந்தைகள் எல்லோரையும் இலவசமாகப் பார்க்கும் ஸ்வீடனில், ஸ்டாக்ஹோம் பிள்ளைகளை வைத்து 2012-இல் வந்த ஆய்வில், வருமானம் குறைந்த வீடுகளில்தான் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. அதற்காக ஏழ்மையால் வருகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மரபணுவின் பங்குதான் இதில் பெரிது. ஆட்டிசம் நுழையும்போது வீட்டு வருமானத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அது எந்த வயதில் கண்ணுக்குப் படுகிறது, பட்ட பிறகு அம்மாவால் எத்தனை நாள் லீவு போட முடிகிறது, இந்த இரண்டையும் வருமானம்தான் முடிவு பண்ணுகிறது.

காசை விட நாளை எண்ணுங்கள்

அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குக் காசு இல்லை, சரி. ஆனால் அக்காவுக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு, மாமா கூட வந்தால் ஒரு லோடு போச்சு. முதல் சந்தேகத்தில் இருந்து அடையாள அட்டை கைக்கு வரும்வரை அவள் போட்ட லீவு 19 நாள். அதில் பாதி வீண். டாக்டர் இல்லாத நாளில் போனது, ஒரு ஜெராக்ஸ் இல்லாமல் திரும்பி வந்தது, காது டெஸ்ட் எடுக்காமல் போனதால் 'எடுத்துட்டு அடுத்த வாரம் வாங்க' என்று அனுப்பப்பட்டது. அதனால் கீழே சொல்வதை எல்லாம் ஒரு நாளையாவது மிச்சம் பிடிக்கிற கணக்கில் படியுங்கள்.

வீட்டிலேயே செய்ய வேண்டியது முதலில். ஒரு வயது முடிந்தும் மழலை இல்லை, பை பை காட்டவில்லை, வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, பதினாறு மாதத்தில் ஒரு வார்த்தை இல்லை, இரண்டு வயதில் 'அம்மா வா' மாதிரி இரண்டு சொல் சேரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை விட்டுவிட்டால் எந்த வயதாக இருந்தாலும் உடனே காட்டுங்கள். 'அவங்கப்பனும் அஞ்சு வயசுலதான் பேசுனான்' என்று எங்கள் அக்கா மாமியார் சொன்னார், எல்லா வீட்டிலும் ஒருவர் சொல்வார். அதைக் கேட்டு நாங்கள் ஒரு வருஷம் சும்மா இருந்தோம். எனக்கு இன்னும் உறுத்தும் வருஷம் அது.

பதினாறு மாதத்தில் இருந்து முப்பது மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கு எம்-சாட் என்று இருபது கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது, இலவசம், தமிழிலும் கிடைக்கிறது. நீங்கள் சுட்டிக்காட்டினால் பிள்ளை அந்தப் பக்கம் பார்க்கிறதா, தனக்குப் பிடித்ததை உங்களிடம் கொண்டுவந்து காட்டுகிறதா என்கிற மாதிரி கேள்விகள், ஆம் இல்லை என்று டிக் அடிக்க வேண்டியதுதான். அதுவே தீர்ப்பு கிடையாது. ஆனால் அதை நிரப்பிக் கையில் கொண்டுபோனால் டாக்டர் முன்னால் முழிக்க வேண்டியதில்லை.

இன்னொரு காரியம், இதற்குக் காசே வேண்டாம். போனில் நாலு வீடியோ எடுங்கள், ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு நிமிஷம். பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது, அது பாட்டுக்கு விளையாடுவது, சாப்பிடுவது, வேண்டியது கிடைக்காமல் அழுவது. அரசு ஆஸ்பத்திரி ஓபியில் உங்கள் முறை வந்தால் பத்து நிமிஷம் கிடைத்தால் பெரிது, அந்தப் பத்து நிமிஷமும் பிள்ளை புது இடத்தைப் பார்த்து அலறிக்கொண்டே இருக்கும். எங்கள் பையனோ டாக்டர் அறையில் ஃபேனை மட்டும் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்துவிட்டான், 'நல்லாத்தானே இருக்கான்' என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை வீடியோவைக் காட்டியபோது வேறொரு டாக்டர் அதைத் திருப்பித் திருப்பி மூன்று தடவை பார்த்தார்.

எந்த வாசல்

அங்கன்வாடியில் பெயர் பதிந்திருந்தால் அங்கேயே தொடங்கலாம். ஆர்பிஎஸ்கே என்று 2013-இல் இருந்து ஒரு திட்டம் இருக்கிறது, அதன் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு தடவையும் வர வேண்டும், பிறந்ததில் இருந்து பதினெட்டு வயது வரை பார்ப்பார்கள். வளர்ச்சித் தாமதமும் அவர்கள் பட்டியலில் உண்டு. வண்டி என்றைக்கு வரும் என்று அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்கு நீங்களோ பாட்டியோ கூட நில்லுங்கள். யாரும் இல்லை என்றால் எடை, உயரம் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், வாய் பேசாத பிள்ளை தனக்காகத் தானே சொல்லிக்கொள்ளுமா என்ன.

அவர்கள் எழுதிக்கொடுக்கும் சீட்டு மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு, டெய்க் என்று சொன்னால் புரியும். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலோ இருக்கும். குழந்தை டாக்டர், பேச்சுப் பயிற்சி, பிசியோ, ஸ்பெஷல் டீச்சர் எல்லோரும் ஒரே கூரைக்குள் இருக்க வேண்டும் என்பது திட்டம். நடைமுறையில் ஒருவர் இருந்தால் ஒருவர் இருக்க மாட்டார். ஆகவே கிளம்புவதற்கு முந்தின நாள் போன் பண்ணி 'சைக்காலஜிஸ்ட் எந்தக் கிழமை, காது டெஸ்ட் எந்தக் கிழமை' என்று கேளுங்கள், இரண்டும் ஒரே நாளில் அமைகிற கிழமைக்குப் போங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்றே தெரியாவிட்டால் 104-க்கு அடித்துக் கேட்கலாம். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியும், ஈசிஆரில் முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் நிறுவனமும் உண்டு.

காது டெஸ்ட்டை விடாதீர்கள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள். அந்த ரிப்போர்ட் கையில் இருந்தால் ஒரு நடை மிச்சம்.

இங்கே வெளியூர்க்காரர்கள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கடைக்கு ஒடிசா, பீகார் குடும்பங்கள் நிறைய வருகின்றன. அவர்கள் பிள்ளை பேசாவிட்டால் 'வீட்டுல ஒரு பாஷை, வெளியே ஒரு பாஷை, அதான் குழம்புது' என்று அங்கன்வாடியிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் வராது. ஒரியாவிலும் பேசவில்லை, கை காட்டவும் இல்லை என்றால் அது பாஷைப் பிரச்சனை கிடையாது. வீட்டில் எந்தப் பாஷை நன்றாக வருமோ அதிலேயே பேசச் சொல்லுங்கள், தெரிந்த ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

சான்றிதழும் அட்டையும்

ஆட்டிசத்துக்கு நம் நாட்டில் ஐஎஸ்ஏஏ என்ற அளவுகோலை வைத்து மதிப்பெண் போடுவார்கள். நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை. மொத்தம் எழுபதுக்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. மதிப்பெண் ஏற ஏற சதவீதம் ஏறும். 40 சதவீதம் என்பதுதான் முக்கியமான கோடு, முக்கால்வாசி சலுகைகள் அதற்கு மேலேதான். கேள்வி கேட்கும்போது பிள்ளையின் நல்ல நாளை மட்டும் சொல்லாதீர்கள். நம் ஆட்களுக்கு வெளியாள் முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுத்துப் பேச வராது. அக்கா 'தூங்குவானுங்க, சாப்பிடுவானுங்க, ஒண்ணும் தொந்தரவு இல்லீங்க' என்று சொல்லிக்கொண்டே போனாள், அவன் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து சுவரில் தலையை இடித்துக்கொள்வதை நான்தான் குறுக்கே சொன்னேன். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம், நடப்பதைச் சொல்லுங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்காக முன்பு இருந்த 1995-ஆம் வருஷச் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே கிடையாது. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 குறைபாடுகளில் ஒன்றாக அதற்கும் இடம் வந்துவிட்டது. அதனால் சான்றிதழில் 'ஆட்டிசம்' என்றே எழுதியிருக்கிறதா, அறிவுசார் குறைபாடும் இருந்தால் அதுவும் சேர்ந்திருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். எழுதியிருக்கும் பெயரையும் சதவீதத்தையும் பார்த்துத்தான் பின்னால் ஒவ்வொரு சலுகையும். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகு திருத்துவது இரண்டு நாள் லீவு.

யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஸ்வாவ்லம்பன் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் இல்லை. என்னைப் போன்ற கடைக்காரர்களுக்கு ஸ்கேன் பண்ணுவதற்குக் கொடுக்கிற காசுதான். இதில் சிக்குவது எல்லாம் சின்ன விஷயங்களில். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு எழுத்து மாறி இன்னொரு பெயர். அப்பா இனிஷியல் முன்னாலா பின்னாலா. பிள்ளைக்கு ஆதாரே எடுக்கவில்லை. போன் நம்பர் பழைய சிம்மில் இருக்கும், ஓடிபி யாருக்கோ போகும். இதையெல்லாம், சான்றிதழ் கொடுக்கும் டாக்டர்கள் குழுவான மெடிக்கல் போர்டு உட்காரும் நாளுக்கு முன்பே சரி பண்ணுங்கள். பல மாவட்டங்களில் போர்டு உட்காருவது வாரத்தில் ஒரே நாள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சான்றிதழுக்குப் பெரும்பாலும் காலாவதித் தேதி உண்டு, அதைக் காலண்டரில் குறித்து, இரண்டு மாதம் முன்னாலேயே புதுப்பிக்கக் கிளம்புங்கள்.

சான்றிதழே வேண்டாம் என்று சொல்கிற வீடுகளும் இருக்கின்றன, அதுவும் வசதியான வீடுகளில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் அக்காவுக்குக் கல்யாணம் ஆக வேண்டும், தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும், பங்காளிகள் என்ன சொல்வார்கள். காரில் வந்து, கடைக்குள் வராமல், டிரைவரிடம் பேப்பர் கொடுத்தனுப்பி, கடைசி நேரத்தில் 'வேண்டாம், விட்டுடுங்க' என்று சொன்ன ஒரு குடும்பம் உண்டு. கூலிக்காரக் குடும்பத்துக்கு நேரம் இல்லை, இந்த வசதியான வீட்டாருக்கு வெளியே சொல்ல வாய் இல்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைக்கும் வருஷங்கள்தான் வீணாகப் போகின்றன.

எந்தப் பணம் எங்கிருந்து

கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் பெரும்பாலும் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்தான் அடுத்த வாசல். தமிழ்நாட்டில் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். இது எல்லாக் குறைபாட்டுக்கும் ஒரே விதியில் கிடைப்பதில்லை, அதனால்தான் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்று மேலே அவ்வளவு சொன்னேன். விண்ணப்பம் கொடுத்த உடனே வந்துவிடாது, காத்திருப்போர் பட்டியல் இருந்தால் உங்கள் எண் என்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

நிராமயா என்று ஒரு காப்பீடு இருக்கிறது, இதை நிறையப் பேருக்குத் தெரியவே தெரியாது. 1999 சட்டத்தின்படி அமைந்த தேசிய அறக்கட்டளை நடத்துவது. ஆட்டிசம் உட்பட நாலு குறைபாடுகளுக்கு மட்டும், வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. சாதாரணக் காப்பீடு மாதிரி படுக்கையில் சேர்ந்தால்தான் என்று இல்லை, ஓபி செலவுக்கும் தெரபிக்கும் கூட ஒரு வரம்பு வரை கிடைக்கும், மெடிக்கல் டெஸ்ட் எதுவும் கேட்பதில்லை. கட்டணம் சில நூறு ரூபாய்தான், வறுமைக்கோட்டுக்குக் கீழே என்றால் இன்னும் குறைவு. ஆனால் பில் வேண்டும். தெரபி சென்டரில் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள், பெயர், தேதி, சீல் போட்ட ரசீது கேளுங்கள்.

சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் இலவசம், 2021-இல் இருந்து. அம்மாவுக்கு ஏற்கெனவே இலவசம்தானே என்று கேட்பீர்கள், அப்பாவோ தாத்தாவோ கூட்டிப்போகிற நாளுக்கு இது உதவும். வருமான வரியில் ஒரு கழிவு உண்டு, 75,000 ரூபாய், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு. வரி கட்டுகிற அளவு சம்பாதிப்பவர்களுக்குத்தான் அது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்காக வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்த அம்மாவுக்கு எந்தக் கட்டத்திலும் கழிவு கிடையாது.

தெரபிக்குக் காசு கொடுக்கும் முன்

இங்கேதான் எங்களுக்குப் பெரிய அடி. அக்கா தன் சங்கிலியை அடகு வைத்து, டவுனில் ஒரு தெரபி சென்டரில் ஆறு மாதப் பேக்கேஜ் என்று 48,000 ரூபாய் மொத்தமாகக் கட்டினாள். அம்மா வெளியே உட்கார வேண்டும், கதவு சாத்தியிருக்கும், உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் 'ஓடி போகுது மேடம், நெக்ஸ்ட் ஸ்பீச்' என்பார்கள். ஓடி என்றால் ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலைகளுக்கான பயிற்சி. நாலு மாதத்தில் மூன்று டீச்சர் மாறினார்கள். பாதியில் நிறுத்தினால் பணம் திரும்பாது என்று ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததை நாங்கள் பார்க்கவில்லை. விண்ணப்பப் படிவம் நிரப்புவதே தொழிலாக இருக்கிற நானும் பார்க்கவில்லை, அதுதான் வெட்கம்.

எனவே, மொத்தமாகக் கட்டாதீர்கள், மாதம் மாதம் கட்டுங்கள். அம்மாவோ அப்பாவோ உள்ளே உட்கார விடாத இடத்துக்குப் போகாதீர்கள். 'இந்த மூணு மாசத்துல என்ன எதிர்பார்க்கலாம், வீட்ல நான் என்ன பண்ணணும்' என்று கேளுங்கள், அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறவர் நல்லவர். 'குணமாக்கித் தர்றோம்' என்கிறவரிடம் இருந்து அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டெம்செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்பார்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-இலேயே சொல்லிவிட்டது. அந்தப் பணத்துக்கு நிலத்தை விற்றவர்களை எனக்குத் தெரியும். ஆட்டிசத்தை மாற்றும் மாத்திரை என்று எதுவும் கிடையாது. வலிப்பு, தூக்கமின்மை மாதிரி கூட வருகிறவற்றுக்கு மருந்து உண்டு, அதை அரசு ஆஸ்பத்திரியிலேயே வாங்கலாம்.

தினமும் நாலு மணி நேரம் சென்டரில் விட வசதி இல்லையே என்று உடைந்து போகாதீர்கள். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு நடந்து, 2016-இல் வெளிவந்தது. பெரிய டிகிரி இல்லாத, பயிற்சி மட்டும் எடுத்த பணியாளர்கள் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், பெற்றோர் பிள்ளையோடு பழகினார்கள். அம்மா அப்பா பிள்ளைக்கு ஈடுகொடுத்துப் பேசுவது கூடியது, பிள்ளை தானாக வந்து தொடர்பு கொள்வதும் கூடியது. உலகச் சுகாதார நிறுவனமும் பெற்றோருக்கென்று இதே மாதிரி ஒரு பயிற்சியை உருவாக்கி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. காசு கம்மி என்றால் வாரம் ஒரு செஷன் போதும், அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் கற்றுக்கொண்டு வீட்டில் ஆறு நாள் செய்யுங்கள்.

வீட்டில் செய்வது என்றால் என்ன, இதோ. அக்கா கம்பெனியில் இருந்து வரும்போது வீணான சைஸ் லேபிள் ஒரு கை அள்ளிக்கொண்டு வருவாள். பையனுக்கு அதுதான் உயிர். திண்ணையில் எஸ், எம், எல் என்று வரிசையாக, ஒரு நூல் பிசகாமல் அடுக்குவான். அதைக் கலைத்தால் வீடு ரெண்டாகும். 'ஒழுங்கா விளையாடு' என்று பிடுங்கி வைப்பதுதான் அவள் வழக்கம். அரசு மையத்தில் இருந்த ஸ்பெஷல் டீச்சர் ஒருவர், பிடுங்க வேண்டாம், கூட உட்கார்ந்து நீங்களும் ஒன்று வையுங்கள் என்றார். அக்கா அவன் வரிசையின் கடைசியில் ஒரு எக்ஸ்எல் வைத்தாள். தூக்கி எறிந்தான். மறுநாளும் வைத்தாள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் அவள் வைக்காமல் லேபிளைக் கையிலேயே பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள், அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். வை என்று சொல்வது போல. மூன்றரை வயதுப் பிள்ளை அம்மா முகத்தை முதன்முதலாகத் தேடிப் பார்த்ததை நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே பார்த்தேன்.

சாப்பாட்டிலும் இதையே செய்யலாம். தட்டில் நாலு இட்லியை ஒரேயடியாக வைக்காமல் ஒரு துண்டு வைத்து, பாத்திரத்து மூடியில் கையை வைத்துக்கொண்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். பிள்ளை உங்கள் கையைத் தொட்டாலோ பார்த்தாலோ 'இன்னும்' என்று ஒரே வார்த்தை சொல்லிக் கொடுங்கள். பசியில் அழ வைப்பதற்காக இல்லை, கேட்பதற்கு ஒரு சின்ன இடம் விடுவதற்காக. நாம்தான் பிள்ளை கேட்கும் முன்பே எல்லாவற்றையும் வாயில் திணித்துவிடுகிறோமே.

வீட்டு ஆட்கள்

'ஃப்ரிட்ஜ் அம்மா' கதை செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள், நம்மூரில் அது 'போன் கொடுத்த அம்மா'வாக உயிரோடு இருக்கிறது. வேலைக்குப் போனதால், தனிக்குடித்தனம் போனதால், மாசமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்ததால். போனைக் குறைப்பது நல்லதுதான், போன் பார்க்கிற நேரத்தில் பிள்ளை ஆளோடு பழகாது, ஆனால் போன் கொடுத்து ஆட்டிசம் வரவில்லை. தடுப்பூசியாலும் வரவில்லை. அப்படிச் சொன்ன 1998 கட்டுரையை அச்சிட்ட பத்திரிகையே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. இதை மாமியாரிடம் நீங்களே சொல்லி ஜெயிக்க முடியாது. ஒரு நாள் அவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், 'டாக்டர், இதுக்கு என்ன காரணம்னு எங்க அத்தைகிட்ட சொல்லுங்க' என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் அதுதான் வேலை செய்தது. இப்போது லேபிள் வரிசையில் அந்தப் பாட்டியும் ஒன்று வைக்கிறார்.

வேலையை உடனே விட்டுவிடாதீர்கள் என்றும் சொல்வேன். முதல் மூன்று மாதம் ஷிஃப்ட் மாற்ற முடியுமா, அரை நாள் பர்மிஷன் கிடைக்குமா, வீட்டில் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்க முடியுமா என்று பாருங்கள். ஒரு சம்பளம் நின்றால் பஸ் காசில் இருந்து எல்லாம் இடிக்கும். அப்புறம் வீட்டில் வேறு பிள்ளை இருந்தால் அதற்கும் என்ன நடக்கிறது என்று அதன் பாஷையில் சொல்லிவிடுங்கள்.

பள்ளிக்கூடம்

இலவசக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடங்களில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருவார்கள், 2012 திருத்தத்தில் சேர்த்தது. அந்தப் பிரிவுக்கு வருமான வரம்பு கிடையாது, சான்றிதழ்தான் வேண்டும். எல்கேஜி சேர்க்கைக்கு முன்பே அட்டை வாங்கிவிடுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகவும்தான். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருப்பார்கள், பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்கவும் ஏற்பாடு உண்டு, போக்குவரத்துப் படியும் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள். 'எங்களால பார்த்துக்க முடியாதுங்க' என்று ஒரு பள்ளி சொன்னால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள். 2016 சட்டப்படி அங்கீகாரம் பெற்ற பள்ளி அப்படித் தட்டிக்கழிக்கக் கூடாது, எழுதித் தரச் சொன்னதும் பெரும்பாலும் பேச்சு மாறிவிடும். பத்தாம் வகுப்பு வரும்போது கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு இதற்கெல்லாம் தனி விண்ணப்பம் உண்டு, அது அப்புறம்.

நாளைக்கு ஆஸ்பத்திரி என்றால் இன்று ராத்திரியே பையைக் கட்டிவிடுங்கள். பிள்ளை ஆதார், பெற்றோர் ஆதார், பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, தடுப்பூசி அட்டை, காது டெஸ்ட் ரிப்போர்ட், இதுவரை பார்த்த சீட்டுகள் தேதி வாரியாக, எல்லாவற்றிலும் நாலு ஜெராக்ஸ், ஆறு போட்டோ, ஒரு பேனா. சார்ஜ் போட்ட போன், வீடியோ தனி ஃபோல்டரில். பிள்ளைக்குப் பிடித்த பிஸ்கட், கூட்டச் சத்தம் தாங்காது என்றால் காதை மூட ஒரு குல்லா, மாற்று டிராயர் இரண்டு. எங்கள் பையன் பையில் ஒரு பிடி சைஸ் லேபிளும் இருக்கும். டோக்கன் நம்பர் எண்பத்தி மூன்று என்றாலும் அவன் பாட்டுக்கு பெஞ்சு ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருப்பான், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் கொஞ்ச நேரத்தில் ஒன்று எடுத்து வைக்கும்.